கஞ்சி போட்ட குழல்கள்

எனக்கு நெருப்பென்றால் பயம். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. தென்னோலைக் கிடுகுக் கூரைக்குக் கீழே பிறந்து, இரண்டு பக்கமும் கிடுகு வேலி நிற்கும் ஒழுங்கையில் நடந்து வளர்ந்தவளுக்கு அந்தப் பயம் இல்லாவிட்டால்தான் அவளை நாலு பேர் ஒரு மாதிரிப் பார்க்க வேண்டும். மருதமுனையில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கினால், உம்மா ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடுப்பையே மூட்டுவார். ஒரு பொறி பறந்தால் எங்கள் வீடு மட்டுமா போகும், கடற்கரை வரைக்கும் ஒழுங்கையே போய்விடும்.

அப்படிப்பட்ட எனக்கு வாப்பா தேடிப்பிடித்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை வாணம் கட்டுகிற மனிதர்.

தொழிலாகச் செய்திருந்தால் விசாரித்தபோதே தெரிந்திருக்கும். வாப்பாவும் வேண்டாம் என்றிருப்பார். இவர் சாய்ந்தமருதுக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், குனிந்த தலை நிமிராத ஆள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தலை ஏன் நிமிரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இருட்டும் வரைக்கும் குந்தியிருந்து, குழலுக்குள் வெடிமருந்தை இடித்துக்கொண்டிருக்கிறவருக்குத் தலை நிமிர நேரம் ஏது? அது அவருக்கு ஒரு விசர். சிலருக்குப் புறா, சிலருக்குக் கிளித்தட்டு, இவருக்கு வாணம்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இவர் இரண்டு தகரப் பெட்டிகளோடு வந்தார். ஒன்றில் உடுப்பு. மற்றதில் புத்தகங்கள் இருக்கும் என்று நினைத்து, நானே அதை இழுத்து எங்கள் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். நாலாம் நாள் திறந்து பார்த்தால் கரித்தூள், திரி, ஈர்க்குக் கட்டு, எனக்குப் பெயர் தெரியாத பொடிகள். மூன்று இரவு நான் அதற்கு மேலே படுத்து நித்திரை கொண்டிருக்கிறேன். "என்ட ரப்பே" என்று நான் போட்ட சத்தத்தில் உம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார்.

அன்றே அந்தப் பெட்டியை வளவின் கோடிக்கு, கிணற்றடிக்குப் பக்கத்தில் இருந்த கொட்டிலுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வீடு என் பெயரில் இருந்தபடியால் அந்த அளவுக்கு என் பேச்சு எடுபட்டது. அதற்கு மேல் எடுபடவில்லை.

வாணத்தின் உயிர் குழலில் இருக்கிறது என்பார் அவர். அந்தக் குழலுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிள்ளைகள் எழுதி முடித்த கொப்பிகளையும் பழைய பேப்பர்களையும் கட்டுக்கட்டாகச் சைக்கிளில் கொண்டுவருவார். ஒவ்வொரு தாளையும் பசை தடவி, ஒரு கம்பில் இறுக்கிச் சுற்றி, கம்பை உருவி, நிழலில் காயவைக்க வேண்டும். ஒரு குழலுக்கு ஒரு கிழமை. அரபெழுத்து உள்ள தாள் எதுவும் கட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அரபுத்தமிழில் அச்சான பழைய மார்க்கக் கிதாபின் ஒற்றைத் தாள் ஒரு தடவை அகப்பட்டுவிட்டது. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, கூரை வளை மரத்தில் செருகி வைத்தார். அல்லாஹ்வின் பெயர் நெருப்பில் போய்விடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். தன் கையைப் பற்றி அந்தக் கவனம் இருந்ததா என்றால் இல்லை.

பிறகு ஒரு நாள் தேத்தண்ணீர் கேட்டு அடுப்படிக்கு வந்தவர், நான் எதனால் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறேன் என்று பார்த்தார். எங்கள் வீட்டில் ஒரு தறி இருந்தது. மருதமுனையில் அப்போது தறிச் சத்தம் கேட்காத வளவு குறைவு. கல்முனைக் கடைத்தெருவில் வாங்கும் வர்ண நூலில் ஒரு வகை, தடித்த அட்டைக் குழலில் சுற்றி வரும். நூல் முடிந்தால் வெறுங் குழல் மிஞ்சும். பெண்கள் அதில் ஊசி போட்டு வைப்போம், அடுப்பு ஊதுவோம்.

"இது ஆர் தந்த?" என்றார்.

"ஆரும் தரல்ல. நூல் சுத்தி வந்த."

அவர் அதை வாங்கி நகத்தால் தட்டினார். காதருகே வைத்துத் தட்டினார். பிறகு கண்ணருகே வைத்து, அதன் ஓட்டையால் என்னைப் பார்த்தார்.

"இத வெச்சா புள்ள அடுப்பு ஊதுற? நான் ஒரு கிழமை கிடந்து மாரடிக்கிறன். இது கல்லுப் போல இரிக்கி."

அன்றிலிருந்து குழல் சேர்ப்பது என் வேலையாகிவிட்டது. தறி இருக்கும் வீடுகளில் பகலில் பெண்கள்தான் இருப்பார்கள். வாத்தியார் அங்கே போய்க் கடப்படியில் நின்று, நூல் குழல் இருக்கிறதா என்று கேட்க முடியுமா? நான்தான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வளவு வளவாகப் போனேன். முதலில் எனக்கு இது பிடித்தும் இருந்தது. தறியில் இருந்தபடியே பெண்கள் என்னைப் பகிடி பண்ணுவார்கள்.

"மாப்பிள்ள வாணம் விடுறார், பொஞ்சாதி குழல் பொறுக்குறா. நல்ல பொருத்தம்தான் கா."

"உங்கட மாப்பிள்ளமார் வாய்தானே விடுறாங்க. என்டவர் வாணமாவது விடுறார்" என்பேன்.

அந்தக் குழலில் கட்டிய முதல் வாணம் கடற்கரையில் தென்னைகளுக்கு மேலே ஏறி, இன்னும் ஏறி, கடலுக்கு மேல் பூவாக விரிந்தது. மற்றவர்கள் வாணத்தை மண்ணில் ஊன்றிக் கொளுத்துவார்கள். இவர் வாணத்தின் வாலாக இருக்கும் ஈர்க்கை வலது கையில் இலேசாகப் பிடித்துக்கொண்டு இடது கையால் திரியில் நெருப்பு வைப்பார். வாணம் இழுக்கத் தொடங்கும்போது விரலை விடுவார். பார்த்தவர்கள் எல்லாரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். நானும் தூரத்தில், பெண்களோடு நின்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை ஒரு கந்தூரி வரைக்கும்தான் நின்றது.

வாப்பா வீட்டில் ஒரு கந்தூரிச் சாப்பாடு கொடுத்தார். ஆண்களுக்குச் சகனில் சோறு. ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது. நான் கிடுகு மறைப்புக்குப் பின்னாலிருந்து கறி நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு ஆளுக்கு மட்டும் தனிப் பீங்கானில் சோறு கேட்டார்கள். எட்டிப் பார்த்தேன். அட்டாளைச்சேனைப் பக்கத்திலிருந்து வந்த தூரத்து உறவுக்காரர். வலது கை மணிக்கட்டோடு இல்லை. இடது கையை ஊரார் சகனில் வைக்க முடியாது. ஆகவே அவர் வீட்டு முன்மண்டபத்தின் மூலையில், சுவரைப் பார்த்தபடி, தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கதைத்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை, அது மரியாதைக்காகத்தான்.

"அந்தக் கைக்கு என்ன நடந்த?" என்று உம்மாவிடம் கேட்டேன்.

"வாணம்" என்றார் உம்மா. என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவில்லை. என் மாப்பிள்ளை சோறு பிசையும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் தொழுகைக்கு ஒளுச் செய்யும்போது முழங்கை வரை வழியும் தண்ணீரைப் பார்ப்பேன். நித்திரையில் அவர் கை என் மேல் விழுந்தால், விரல்களை எண்ணுவேன். ஐந்தும் இருக்கும். ஆனாலும் மறுபடி எண்ணுவேன். கொட்டிலில் மரச்சுத்தியல் "டொக் டொக்" என்று கேட்கும்போது தறியில் என் கால் நின்றுபோகும். எத்தனை பாவு நூலை அறுத்தேனோ தெரியாது.

வேண்டாம் என்று சொல்லாமலா இருந்தேன்? சொன்னேன், அழுதேன், இரண்டு நாள் கதைக்காமல் இருந்தும் பார்த்தேன். அவர் கோபிக்கிற ஆள் இல்லை. கோபித்தாலாவது சண்டை பிடிக்கலாம்.

"நீ பயப்பிடுற எண்டு வாணத்துக்குத் தெரியுமா புள்ள?" என்று சிரிப்பார். அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் என் தங்கச்சிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை எங்கள் ஊர்தான், நாலு ஒழுங்கை தள்ளி. மாப்பிள்ளையை அழைத்துவரப் பெண் வீட்டு ஆண்கள் போக வேண்டும். றபான் அடித்து, பைத் பாடி, வாணம் விட்டு அழைத்து வருவார்கள். மூத்த மருமகன் வாணம் விடுவார் என்று வாப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இருபது வாணம். இருபது குழல் வேண்டும்.

நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் வாப்பாவே வீடு வீடாகப் போய் வாங்கி வந்திருப்பார். ஆகவே நானே போனேன். பாண்டிருப்பு எல்லை வரைக்கும் தறி வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கி இருபது குழலும் சேர்த்தேன். சேர்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

என் புத்தி தறிக்காரியின் புத்தி. பலமான நூல் இழுத்தால் நிற்கும், நைந்த நூல் இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் என்ன, முடிச்சுப் போட்டால் போயிற்று, யாருக்கும் காயமில்லை. குழலும் அப்படித்தான் என்று நினைத்தேன். குழல் கல்லுப் போல இருப்பதால்தானே வாணம் இவ்வளவு வேகமாய்ச் சீறுகிறது? குழல் நைந்துபோனால் வாணமும் புஸ்ஸென்று அடங்கிவிடும். நாலு வாணம் ஊரார் முன்னால் புஸ்ஸென்று போனால் அவருக்கு வெட்கம் பிடிக்கும். வெட்கம் பிடித்தால் விட்டுவிடுவார். இதை நான் ஒரு கிழமை யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்கு என் கெட்டித்தனம் பெரிதாகத் தெரிந்தது.

அவர் பள்ளிக்கூடம் போன ஒரு காலையில் பத்துக் குழல்களை எடுத்துக் கிணற்றடி வாளியில் ஊறப் போட்டேன். பகல் பாங்கு சொல்லும்போது அட்டை ஊறி, உள்ளே பசை விட்டுவிட்டது. அமத்தினால் அமிழ்ந்தது. அப்படியே கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார். நெய்கிறவளுக்கு அதற்கும் வழி தெரியும். பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற மாதிரி, பச்சையரிசிக் கஞ்சியை மெல்லியதாகக் காய்ச்சி, வெளியே மட்டும் இரண்டு தரம் பூசி, நிழலில் காயவைத்தேன். கஞ்சி போட்டால் கந்தலும் கடைச்சரக்குப் போல நிற்கும். காய்ந்தபோது எது ஊறியது, எது ஊறாதது என்று எனக்கே தெரியவில்லை. இருபதையும் கலந்து வைத்தேன்.

அவர் வந்து ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபதும் நல்லது என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

கலியாண நாள் அசர் தொழுதுவிட்டு அவர் கொட்டிலுக்குப் போனார். நான் தங்கச்சிக்கு உடுத்தியது பாதி, உடுத்தாதது பாதியாக விட்டுவிட்டு அவர் பின்னால் போனேன். இருபது வாணமும் ஈர்க்குக் கட்டி, ஒரு புதுப் பாயில் வரிசையாகக் கிடந்தன. என் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஏனோ அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு, வகுப்பில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல மெதுவாகச் சொன்னார்.

"நீ அந்த மனிசன்ட கையைப் பார்த்துத்தானே வெருண்டுபோன? எனக்குத் தெரியும். அந்தக் கை ஏன் போன தெரியுமா? குழல் நைஞ்சி இரிந்த. நல்ல குழலுக்குள்ள நெருப்பு ஒரு பக்கத்தாலதான் வரும், வாணம் மத்தப் பக்கம் போகும். நைஞ்ச குழல் அதைத் தாங்காது. பிடிச்ச கையிலயே வெடிக்கும். அதுதான் நான் இந்தக் குழலுக்கு இவ்வளவு பாடு பட்ட. நீ பொறுக்கித் தந்த குழல் புள்ள இது. இனிப் பயப்பிடாத."

நான் வாயைத் திறந்தேன். அப்போதே "மருமகன், நேரம் போகுது" என்று வாப்பா வெளியே கூப்பிட்டார். அவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் கொட்டிலின் கப்பு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னையே ஏசுகிறேன். சொன்னால் அவர் என்ன நினைப்பார் என்ற பயமும், அவருடைய கைக்கான பயமும் ஒரே நேரத்தில் வந்தன. அந்த ஒரு நிமிஷம் வெட்கம்தான் வென்றது.

மஹ்ரிபுத் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் றபான் கேட்டது. மண்டபம் நிறையப் பெண்கள். நான் தங்கச்சியின் பக்கத்தில் இருந்தேன். முதல் வாணம் சீறிக்கொண்டு ஏறியது. பெண்கள் குரவை போட்டார்கள். ஒன்று என்று எண்ணினேன். இரண்டாவது. குரவை. மூன்றாவது. ஒவ்வொன்றும் மேலே போய் வெடிக்கும் வரைக்கும் மூச்சு விடமாட்டேன். இருபதில் பத்து கெட்டது. ஆறாவதும் நல்லபடியாக ஏறியது. ஆறும் நல்லதாக வந்தால், மிச்சத்தில் எவ்வளவு கெட்டது என்று கணக்குப் பார்த்தேன். பார்த்ததும் எழும்பிவிட்டேன்.

"எங்க மக போற?" என்று உம்மா என் கையைப் பிடித்தார். "மாப்பிள்ள வாற நேரம்."

கையை உதறிவிட்டு, அடுப்படியால் இறங்கி, கிணற்றடி வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒழுங்கைக்குள் விழுந்தேன். முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினேன். மாப்பிள்ளை வருகிற வழியில் பெண் வீட்டுப் பெண் எதிரே போவது எங்கள் ஊரில் கேள்விப்படாத காரியம். பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் ஆண்களின் வெள்ளைத் தொப்பிகள் தெரிந்தன. எல்லாருக்கும் முன்னால் அவர். வலது கையில் வாணம். இடது கையில் கொள்ளி.

"மச்சான், கொளுத்தாதங்க!"

றபான் நின்றது. பைத் பாடினவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். புது மாப்பிள்ளை, வாப்பா, ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"குழலத் தண்ணியில ஊறப் போட்டன். கஞ்சி பூசி வெச்சன். பத்துக் குழல். கொளுத்தாதங்க மச்சான்."

அவர் கொள்ளியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். கையிலிருந்த குழலைப் பெருவிரலால் அமத்தினார். கஞ்சி மெல்ல நொறுங்கிற்று, விரல் உள்ளே இறங்கியது. அதை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு பக்கத்து வளவில் ஒரு அண்டா தண்ணீர் கேட்டு வாங்கி, நல்லது கெட்டது பிரிக்காமல் பதினாலு வாணத்தையும் அதற்குள் அமத்தினார். "நடங்க, மாப்பிள்ள நிக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

வாப்பா என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஊர் கதைத்தது, பிறகு மறந்தது. என் மாப்பிள்ளை ஏசவில்லை, கை நீட்டவில்லை. கொட்டிலைக் காலியாக்கித் தகரப் பெட்டியைச் சாய்ந்தமருதுக்கு அனுப்பிவிட்டார். என் வீட்டில் அதன் பிறகு மருந்து மணக்கவில்லை. நான் கேட்டது எல்லாம் நடந்தது. அவருக்கு ஐந்து விரலும் இருந்தது. ஆனாலும் எனக்கு நெஞ்சு அடங்கவில்லை. ஒரு நாள் சோறு வைக்கும்போது நானே கேட்டேன்.

"ஏசுங்களன் மச்சான். ஏசினா எனக்குக் கொஞ்சம் ஆறும்."

"ஏச என்ன இரிக்கி" என்றார். "நெருப்பு என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியும் புள்ள. அதால அதுக்கு நான் பயந்ததே இல்ல. நீ என்ன செய்வா எண்டும் தெரியும் எண்டுதான் இரிந்தன்."

அதற்குப் பிறகு சாப்பிட்டார். நல்ல மனிதர். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு இருந்தார். தங்கச்சி கலியாணம் நடந்த அந்த வருஷம், மாரிக்கு முன் கூரை வேய வேண்டியிருந்தது. வளையில் ஏணியைச் சாத்திவிட்டு, அதைப் பிடிப்பதற்கு அடுத்த வளவு ஆளைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். நான் ஏணிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.